திருவிழா நடுவே மின்சாரம் போனால் மிக்ஸரைக் காப்பது எப்படி?

கேள்வி: ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து சிறிய அளவில் ஒலி அமைப்புச் சேவை நடத்தி வருகிறேன். கோயில் திருவிழா, பாடசாலைக் கலைவிழா, தேவாலய ஆராதனை என்று அழைப்புகள் வரும். அண்மையில் 32 தடங்கள் கொண்ட டிஜிட்டல் மிக்ஸர் ஒன்றைக் கைமாற்றாக வாங்கினேன். சென்ற திருவிழாவில் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரம் போய் வந்தது. விளக்குகள் உடனே எரிந்தன. மிக்ஸர் மட்டும் அணைந்து மறுபடி தொடங்கியது. அது எழும்பி வரும் வரை பாடகர் மேடையில் சும்மா நின்றார். 1000 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று போதும் என்கிறார் கடைக்காரர். வீட்டு இன்வர்ட்டரும் அமில நீர் ஊற்றும் பெரிய டியூபியுலர் வகை ஈய பெட்டரியும் வாங்கச் சொல்கிறார் நண்பர். ஜெனரேட்டர் இருக்கும்போது வேறு செலவு எதற்கு என்று கேட்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எதை வாங்குவது? என்னிடமுள்ள பழைய 16 தட அனலொக் மிக்ஸருக்கும் அதே ஏற்பாடு ஒத்துவருமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

மூவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவரும் மூன்று வெவ்வேறு தேவைகளுக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். ஒரு கணமும் நிற்கக் கூடாதவை எவை, பத்து நிமிடம் நின்றாலும் பாதகமில்லாதவை எவை என்று உங்கள் சாதனங்களை முதலில் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். அப்படிப் பிரித்தபின் என் பரிந்துரை இதுதான்: மிக்ஸருக்கும் அதைச் சார்ந்த சிறு சாதனங்களுக்கும் ‘லைன் இன்டராக்டிவ்’ வகையைச் சேர்ந்த, ‘ப்யூர் சைன் வேவ்’ (வெட்டுப்படாத, வழுவழுப்பான மின் அலை) தரும் யு.பி.எஸ். ஒன்றை முதலில் வாங்குங்கள். அம்ப்ளிபயர்களையும் ஒலிபெருக்கிகளையும் ஜெனரேட்டரிடம் விடுங்கள். இன்வர்ட்டரும் பெரிய பெட்டரியும் ஜெனரேட்டர் கொண்டுபோக முடியாத இடங்களுக்கான மாற்று ஏற்பாடு. அது யு.பி.எஸ்.ஸின் வேலையைச் செய்யும் என்று நம்பி வாங்கக் கூடாது.

விளக்குகள் உடனே எரிந்தும் மிக்ஸர் மட்டும் அணைந்தது ஏன் என்பதை விளங்கிக்கொண்டால், கடையில் என்ன கேட்டு வாங்குவது என்பது தானாகத் தெளிவாகும். லக்சபான, மேல் கொத்மலை நீர்மின் நிலையங்கள் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், அங்கு பிறக்கும் மின்சாரம் நேராக நம் தோட்டத்துக்கு வருவதில்லை. நாடு முழுவதற்குமான வலையமைப்பில் கலந்து, பிறகு 33 கிலோவோல்ட் கம்பிகளில் மலைச்சரிவுகளையும் மரங்களையும் கடந்துதான் நம் ட்ரான்ஸ்போமரை அடைகிறது. காற்றில் ஒரு கிளை கம்பியில் உரசினால், பாதையிலுள்ள தானியங்கி ஆளி அந்தக் கம்பியைத் துண்டித்து, சிறிது நேரத்தில் தானே மறுபடி இணைத்துப் பார்க்கும். தடை நீங்கியிருந்தால் மின்சாரம் வந்துவிடும். நீங்கள் கண்ட கண்ணிமைப்பு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மின்சாரம் நின்றதும் மிக்ஸருக்குள்ளிருக்கும் மின்வழங்கி, தன் கொண்டென்சர்களில் சேர்ந்திருக்கும் மின்னூட்டத்தைக் கொண்டு ஏறத்தாழ 20 மில்லிசெக்கன் வரையே தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் டிஜிட்டல் மிக்ஸர் ஒரு கணினியைப் போல முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும். மின்குமிழுக்கு அப்படித் ‘தொடங்க’ வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ஆகவே, 20 மில்லிசெக்கனுக்குள் மாற்று மின்சாரம் வந்து சேர வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. ஜெனரேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒருவர் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்து அதை ஓட்டத்துக்குக் கொண்டுவர ஒரு நிமிடமாவது ஆகும். பக்கத்து வீட்டு அண்ணனின் யோசனை இந்த இடத்தில்தான் போதாமற் போகிறது.

யு.பி.எஸ்.ஸில் மூன்று வகை உண்டு. கணினிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ‘ஒஃப்லைன்’ வகை, மின்சாரம் போனதும் சுமார் 4 முதல் 10 மில்லிசெக்கனில் பெட்டரிக்கு மாறிவிடும். வேகம் போதுமானதுதான். ஆனால் பெட்டரியில் ஓடும்போது அது தரும் அலைவடிவம் பெரும்பாலும் படிப்படியாக வெட்டிய பொய் அலை. இரண்டாவதான லைன் இன்டராக்டிவ் வகையும் அதே வேகத்தில், பல வேளைகளில் இன்னும் விரைவாக மாறும். அதோடு வோல்ட்டேஜ் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் பெட்டரியைத் தொடாமலே அதைச் சரிக்கட்டும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. மலையகத்துக்கு இது மிக முக்கியம். நமது மின்சாரம் பெயரளவில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்; ஆனால் நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் லயங்களிலும் கோயில்களிலும் மாலை 6.30க்கும் 10.30க்கும் இடைப்பட்ட உச்சப் பாவனை நேரத்தில் வோல்ட்டேஜ் கணிசமாக இறங்கும். திருவிழா நடப்பதும் அந்த நேரத்தில்தான். சாதாரண ஒஃப்லைன் யு.பி.எஸ். அந்தத் தாழ்வைக் கண்டதும் பெட்டரிக்கு மாறி, மின்சாரம் போகாமலே பெட்டரியைத் தீர்த்துவிடும். உண்மையாகவே மின்சாரம் போகும்போது அதனிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. மூன்றாவதான ‘ஒன்லைன்’ வகையில் மாறும் நேரமே கிடையாது, ஏனென்றால் சாதனங்கள் எந்நேரமும் அதன் இன்வர்ட்டரிலேயே ஓடுகின்றன. சிறந்தது அதுவே, ஆனால் விலையும் வெப்பமும் விசிறிச் சத்தமும் அதிகம். பதிவு நிலையத்துக்கோ நேரடி ஒளிபரப்புக்கோ போவதாக இருந்தால் யோசிக்கலாம். உங்கள் வேலைக்கு இரண்டாவது வகை போதும்.

இனி, அந்த யு.பி.எஸ்.ஸில் எவற்றைச் செருகுவது என்பதற்கு வருகிறேன். மிக்ஸரை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று நினைப்பதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் காணும் குறை. ஒரு காட்சியை மனதில் வைத்துப் பாருங்கள்: மிக்ஸர் கோயில் வாசலில் யு.பி.எஸ்.ஸில் இருக்கிறது, மைக்குகளைச் செருகும் ஸ்டேஜ் பொக்ஸ் மேடையின் பின்புறம், அலங்கார விளக்குகள் செருகிய அதே நீட்டிப்பு வயரில் இருக்கிறது, இரண்டையும் ஒரே ஒரு நெட்வேர்க் கேபிள் இணைக்கிறது. மின்சாரம் போகிறது. மிக்ஸரின் திரை அப்படியே ஒளிர்கிறது, ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர்கள் அவற்றின் இடத்தில் நிற்கின்றன. ஆனால் மேடையிலிருந்து ஒரு சத்தமும் வராது, ஏனென்றால் மைக் எல்லாம் செருகியிருக்கும் பெட்டி அணைந்துவிட்டது. மின்சாரம் வந்தபின்னும் ஸ்டேஜ் பொக்ஸ் தொடங்கி மிக்ஸரோடு மறுபடி கைகோக்கும் வரை காத்திருக்க வேண்டும். வயர்லெஸ் மைக் ரிசீவர்களுக்கும் இதே கதைதான். டெப்லெட்டில் மிக்ஸிங் செய்பவரானால் வை-ஃபை ரவுட்டரும் இந்தக் கூட்டத்தில் சேர வேண்டும். இத்தனைக்கும் மேலாக, மேசைக்கு ஒரு சிறிய எல்.ஈ.டி. விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இருட்டில் மியூட் பொத்தானைத் தேடித் தடவக் கூடாது.

மேடைக்கு யு.பி.எஸ்.ஸிலிருந்து தனியாக ஒரு மின் வயரை இழுத்துச் சென்று, அதன் முனையில் ஸ்டேஜ் பொக்ஸையும் ரிசீவர்களையும் மட்டும் செருகுங்கள். அந்த முனைக்குச் சிவப்பு நாடா சுற்றி, ‘வேறெதுவும் செருக வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள். வெற்றுச் சொக்கெட்டைக் கண்டால் கைத்தொலைபேசி சார்ஜரைச் செருகுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதைவிட, குளிருக்குத் தேநீர் போட மின் கேத்தலைச் செருகுபவர்களும் நம் பக்கத்தில் உண்டு. ஒரு கேத்தல் 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும். செருகிய அந்தக் கணத்திலேயே யு.பி.எஸ். நின்றுவிடும்.

அளவைக் கணக்கிடுவதற்கு ஒவ்வொரு சாதனத்தின் பின்புறத் தகட்டையும் பாருங்கள். முடிந்தால் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றால் உண்மை நுகர்வை அளந்துவிடுங்கள். உங்களுடைய மிக்ஸரின் பெயரை நீங்கள் எழுதவில்லை. இந்த அளவில் நம் நாட்டில் பரவலாகப் பாவனையிலுள்ள பெஹ்ரிங்கர் எக்ஸ்32க்கு உற்பத்தியாளர் குறிப்பிடும் நுகர்வு 120 வாட். அதையே உதாரணமாகக் கொள்கிறேன். ஸ்டேஜ் பொக்ஸுக்கு 45 வாட், ரிசீவர்கள், ரவுட்டர், விளக்கு எல்லாவற்றுக்கும் 25 வாட் என்று வைத்தால் மொத்தம் 190 வாட். கடைக்காரர் சொன்ன 1000 வி.ஏ. என்பது 1000 வாட் அல்ல. இந்த வகையில் பெரும்பாலானவை 600 வாட்டே தரும். இருந்தாலும் 190 வாட்டுக்கு அது தாராளம். எத்தனை வாட் தாங்கும் என்பதைவிட, எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையே பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட யு.பி.எஸ்.ஸுக்குள் பொதுவாக 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பெட்டரிகள் இரண்டு இருக்கும். இரண்டும் சேர்ந்து 168 வாட்-மணி. அவ்வளவையும் எடுக்க முடியாது. வேகமாக வடிக்கும்போது ஈய பெட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ 60 சதவீதத்தையே தரும், அதிலும் மின்சாரமாக மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போகும். மிஞ்சுவது 85 வாட்-மணி அளவு. 190 வாட்டுக்கு அது 25 நிமிடத்தை அண்டி வரும்; பெட்டரிக்கு இரண்டு, மூன்று வயதாகிவிட்டால் அதில் பாதியை மட்டும் நம்புங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஜெனரேட்டரை நிதானமாக இயக்குவதற்குப் போதும். கடைக்காரர் சொன்ன அளவு சரி. பெட்டியில் ‘ப்யூர் சைன் வேவ்’ என்றும் ‘லைன் இன்டராக்டிவ்’ என்றும் போட்டிருக்கிறதா என்பதை மட்டும் நீங்களே பார்த்து வாங்குங்கள்.

நண்பர் சொன்ன இன்வர்ட்டரைப் பற்றி. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது பல வீடுகளில் இவை வந்து சேர்ந்தன. இப்போது அவற்றில் சில கைமாற்று விலைக்கு வருகின்றன. இன்வர்ட்டரை வாங்கலாம், ஆனால் அக்காலத்து ஈய பெட்டரியை வாங்காதீர்கள். வீட்டுப் பாவனையில் அதன் ஆயுள் மூன்று முதல் ஐந்து வருடம்தான். இன்வர்ட்டரில் இரண்டு நிலைகளைத் தேர்ந்தெடுக்கும் ஆளி அல்லது அமைப்பு இருக்கும். ‘யு.பி.எஸ்.’ நிலையில் அது சுமார் 10 மில்லிசெக்கனில் மாறும். வீட்டு உபகரணங்களுக்கான சாதாரண நிலையில் 20 மில்லிசெக்கனும் அதற்கு மேலும் எடுக்கும். இந்த இரண்டாவது நிலையில் வைத்துவிட்டு மிக்ஸர் அணைகிறது என்று வருந்துவோர் உண்டு. 12 வோல்ட் 100 அம்பியர்-மணி டியூபியுலர் பெட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் உங்கள் 190 வாட் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடும். அதே அளவு லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரியில் நாலரை மணி நேரம் கிடைக்கும். எடையிலும் பெரிய வித்தியாசம் உண்டு: டியூபியுலர் 30 கிலோவுக்கு மேல், லித்தியம் 12 கிலோ அளவு. டியூபியுலரில் அமில நீர் ததும்பும். தோட்டத்துப் பாதையில் வேனில் குலுங்கிப் போய், அதன்பின் நூறு படிகள் ஏறித் தூக்கிச் செல்ல வேண்டிய சாமான் அது அல்ல. ஒரே இடத்தில் நிரந்தரமாக இருக்கும் தேவாலயத்துக்கோ மண்டபத்துக்கோ டியூபியுலர் நல்லது, காற்றோட்டமான மூலையில் வைத்தால். ஊர் ஊராகப் போகும் உங்களுக்கு, பின்னாளில் வசதி வரும்போது, லித்தியம்தான்.

ஜெனரேட்டர் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இங்கே பொருள் மட்டுமல்ல, உயிரும் சம்பந்தப்படுகிறது. தகட்டில் எழுதியிருக்கும் வலு கடல் மட்டத்துக்கு உரியது. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் பெட்ரோல் இயந்திரம் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் மூன்றரை சதவீதம் அளவுக்கு வலுவை இழக்கும். ஏறத்தாழ 1270 மீற்றர் உயரமுள்ள ஹட்டனில் இது 15 சதவீதம்; 1868 மீற்றரிலுள்ள நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கொழும்பில் 3 கே.வி.ஏ. தரும் ஜெனரேட்டர் உங்களிடம் இரண்டரைதான் தரும், அதிலும் தகட்டின் பெரிய எண் சிறிது நேரத்துக்கான உச்ச வலுவைக் குறிப்பது. தொடர்ந்து ஓடும் வலு அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அம்ப்ளிபயர்களைக் கணக்கிடும்போது அந்தச் சிறிய எண்ணையே எடுத்து, அதிலும் உயரத்துக்கான கழிவைக் கழியுங்கள். பாஸ் ஓங்கி விழும் ஒவ்வொரு அடிக்கும் ஜெனரேட்டரின் சத்தம் தாழ்ந்து எழுந்தால், அது வலு போதாமல் திணறுகிறது என்று பொருள்.

திணறும் ஜெனரேட்டரின் மின்சாரத்தை யு.பி.எஸ். நம்பாது. ஹேர்ட்ஸும் வோல்ட்டேஜும் ஆடும்போது அது மறுபடி மறுபடி பெட்டரிக்குத் தாவி, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டரி தீர்ந்து நின்றுவிடும். யு.பி.எஸ்.ஸில் உணர்திறனைக் குறைக்கும் அமைப்பு இருந்தால் அதைக் குறைந்த நிலைக்கு வையுங்கள். புதிதாக ஜெனரேட்டர் வாங்குபவரானால் இன்வர்ட்டர் வகை ஜெனரேட்டரை வாங்குங்கள். அதன் அலை சுத்தமானது, சுமை ஏறி இறங்கினாலும் ஹேர்ட்ஸ் மாறாது.

கோயிலின் வயரிங்குக்கு ஜெனரேட்டரை இணைப்பதானால், தகுதிபெற்ற மின்னியலாளர் பொருத்திய சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வெளி மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணைய விடாத ஆளி) ஊடாக மட்டுமே இணையுங்கள். இரு முனையிலும் பிளக் வைத்த வயரைச் சுவரில் செருகிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்படிக் கொடுத்தால் உங்கள் மின்சாரம் ட்ரான்ஸ்போமர் வழியாகப் பின்னோக்கி ஏறி, மழையில் நனைந்தபடி கம்பத்தில் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் மின்சார சபை ஊழியரைக் கொல்லக் கூடும். எந்த நிகழ்ச்சிக்காகவும் அதைச் செய்யாதீர்கள். மண்டப வயரிங்கைத் தொடாமல், ஜெனரேட்டரிலிருந்து உங்கள் சாதனங்களுக்கு நேரடியாகத் தனி வயர் இழுப்பது பாதுகாப்பானது.

எர்த் விஷயமும் அப்படித்தான். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்காது. அந்த நிலையில் ட்ரிப் சுவிட்ச் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று பாடுபவரின் உதட்டில் மைக் பட்டுச் சுரீரென்று இழுத்தால், நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு எர்த்தைத் தேடுங்கள். மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு நியூட்ரல்-எர்த் இணைப்பையும் எர்த் கம்பியையும் ஒருமுறை ஒழுங்காகச் செய்து வாங்கிவிடுங்கள். மிக்ஸர் ஒரு மூலத்திலும் அம்ப்ளிபயர்கள் வேறொரு மூலத்திலும் ஓடும்போது இரண்டுக்கும் எர்த் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் இரைச்சலும் வரும், ஆபத்தும் வரும். இரைச்சலைப் போக்குவதற்காகப் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றுவதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. அதற்கு ஒலி வயரில் தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் இருக்கிறது.

ஜெனரேட்டர் ஓடுமிடம் மழைக்கு மறைவாகவும், நாலாபக்கமும் திறந்ததாகவும், சன்னல்களிலிருந்து தள்ளியும் இருக்கட்டும். குளிருக்காக மூடிய மண்டபத்தின் பின் வராந்தாவில் அதை ஓட்டினால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உள்ளே நிறையும்; அதற்கு மணமில்லை.

மின்சாரம் போன அந்த நொடியில் செய்ய வேண்டியதை உங்கள் உதவியாளருக்கும் சொல்லிக் கொடுங்கள். மிக்ஸர் உயிரோடு இருக்கும், அம்ப்ளிபயர்கள் அணைந்திருக்கும். முதற் காரியமாக மெயின் வெளியீட்டை மியூட் செய்யுங்கள். பிறகு அம்ப்ளிபயர்களின் ஆளிகளை அணையுங்கள். ஜெனரேட்டர் நிதானமான ஓட்டத்துக்கு வந்தபின் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசியில் மியூட்டை எடுங்கள். இப்படிச் செய்யாவிட்டால் திறந்திருக்கும் பத்து மைக்கின் சத்தமும் அம்ப்ளிபயர்கள் எழும்பும் அதிர்ச்சியும் ஒன்றாக ஸ்பீக்கரில் விழும். சவுண்ட் செக் முடிந்ததும் அன்றைய அமைப்பை மிக்ஸரிலும் யு.எஸ்.பி. பென்னிலும் சேமித்து வைப்பதும் இதன் ஒரு பகுதியே. யு.பி.எஸ். கைவிடும் நாள் ஒன்று வந்தாலும் அமைப்பு கைவிடாது.

இடி மின்னல் வேறு. மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பிற்பகல் இடி நம் மலைகளில் கடுமை. யு.பி.எஸ்.ஸிலுள்ள மிகைமின் காப்பு சிறு அதிர்வுகளுக்கே போதும். அருகில் விழும் மின்னலுக்கு எதுவும் போதாது. இடி நெருங்கினால் நிகழ்ச்சியை நிறுத்தி, பிளக்குகளையும் மேடைக்குப் போகும் நீண்ட கேபிள்களையும் கழற்றிவிடுங்கள்.

பழைய அனலொக் மிக்ஸரைப் பொறுத்தவரை, அதற்குத் தொடங்கும் நேரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் ஃபேடர் இருந்த இடத்திலிருந்தே வேலை செய்யும். ஆகவே யு.பி.எஸ். அதற்கு அவசியமில்லை, இருந்தால் நல்லது. ஆனால் அலைவடிவத்தில் அது டிஜிட்டலைவிடக் கண்டிப்பானது. அந்தக் காலத்து மிக்ஸர்கள் பலவற்றில் கனமான ட்ரான்ஸ்போமர் இருக்கும். பொய் அலையைக் கொடுத்தால் அது சூடேறும், ஸ்பீக்கரில் கரகரப்பும் கேட்கும். நான் சொன்ன ப்யூர் சைன் வேவ் யு.பி.எஸ். இரண்டுக்கும் ஒத்துவரும். யு.பி.எஸ்.ஸை மட்டும் மிக்ஸரிலிருந்தும் மைக் கேபிள்களிலிருந்தும் ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள்.

வாங்கும்போது மிக்ஸரையும் ஸ்டேஜ் பொக்ஸையும் கடைக்கே கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் யு.பி.எஸ்.ஸில் செருகி, ஹெட்போனில் ஒரு பாட்டைக் கேட்டபடி, சுவரிலுள்ள ஆளியை அணையுங்கள். பிளக்கை உருவ வேண்டாம், உருவினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும். பாட்டு அறுபடாமலும் புதிய இரைச்சல் சேராமலும் பதினைந்து நிமிடம் ஓடினால் பணத்தைக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபின், திருவிழாக் காலம் இல்லாத மாதங்களிலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் முழுவதும் மின்சாரத்தில் செருகி வையுங்கள். வெறுமையாகக் கிடக்கும் ஈய பெட்டரி அடுத்த தேர்த்திருவிழாவுக்குள் பழுதாகிவிடும்.